காலை முடக்கிய பருப்பும் கையிலிருக்கும் தெளிப்பானும்

(வேங்கிக்கால் வேளாண்மை அலுவலர் பண்ணை வானொலியில் ஆற்றிய உரை)



வழக்கமா இந்த நேரத்துல விதை நேர்த்தி, உரம், ஜிப்சம், பூச்சி என்றுதான் பேசுவோம். இன்றைக்கு நரம்பைப் பற்றிப் பேசப் போகிறேன். "வேளாண்மை ஆபீசருக்கும் நரம்புக்கும் என்னய்யா சம்பந்தம், அது டாக்டர் வேலையாச்சே" என்று நீங்க கேட்கலாம். சம்பந்தம் இருக்குதுங்க. மனிதனுடைய நரம்பை அழித்துக் காலை முடக்குகிற ஒரு நோய்க்குக் காரணம் எது என்று நம் நாட்டு விஞ்ஞானிகள் தேடினார்கள். தேடிக்கொண்டே போனபோது அந்தக் காரணம் ஒரு வயலில் கிடைத்தது. விளைந்த பயிரிலேயே இருந்தது. அந்தக் கதையை முழுசாகத் தெரிந்துகொண்டால், நாம் கடையில் வாங்கும் பருப்பையும், தோளில் மாட்டும் தெளிப்பானையும் கொஞ்சம் வேறு கண்ணோடு பார்ப்போம். ஆகவே பொறுமையாகக் கேளுங்கள்.

பஞ்சத்தில் காப்பாற்றிய பயிர்

கேசரிப் பருப்பு என்று ஒரு பருப்பு. நம் திருவண்ணாமலைப் பக்கம் இதைப் பயிர் செய்வதில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், பீகார், வங்காளம் போன்ற இடங்களில் உண்டு. தேவ்ரா, லாக் என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்லுவார்கள். நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் நெல் அறுப்புக்கு முன்னால் ஈரத்தில் உளுந்தை விதைத்து விடுகிறார்கள் இல்லையா, அந்த மாதிரி அங்கே நெல் நிற்கும்போதே இதைத் தூவி விடுவார்கள். உழவு வேண்டாம், உரம் வேண்டாம், பாய்ச்சல் வேண்டாம். மழை பொய்த்தாலும் நிற்கும், வெள்ளம் நின்றாலும் தாங்கும். மண்ணுக்குத் தழைச்சத்தும் கொடுக்கும். நூறு கிராம் பருப்பில் 25 கிராமுக்கு மேல் புரதம். ஏழை விவசாயிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்தப் பருப்புக்குள் ஒரு விஷம் இருந்தது.

மத்தியப் பிரதேசத்துச் சாகர் பகுதியில் நடந்ததை வெள்ளைக்கார அதிகாரி ஸ்லீமன் என்பவர் 1844இல் வெளிவந்த தம் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். 1829இல் ஆலங்கட்டி மழை கோதுமையை அடித்துவிட்டது. அடுத்த வருஷம் மழை இல்லை. அதற்கடுத்த வருஷம் பயிரில் நோய். மூன்று வருஷம் கோதுமை கைக்கு வரவில்லை. அந்த மூன்று வருஷமும் கோதுமைக் காட்டில் தானாக முளைத்துக் கிடந்த கேசரி மட்டும் நன்றாக விளைந்தது. ஜனங்கள் அதைத் தின்று உயிர் பிழைத்தார்கள். 1833இல் அந்தக் கிராமங்களில் முப்பது வயதுக்கு உட்பட்ட இளவட்டங்களுக்கு இடுப்புக்குக் கீழே கால் விழ ஆரம்பித்தது.

இது அவர் ஒருவர் மட்டும் கண்டதில்லை. 16ஆம் நூற்றாண்டில் எழுந்த பாவப்பிரகாசம் என்னும் வடமொழி மருத்துவ நூலிலேயே இந்தப் பருப்பு மனிதனை நொண்டியாக்கும் என்ற குறிப்பு உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942-43இல், வாப்னியார்கா என்ற சிறை முகாமில் யூதக் கைதிகளுக்குத் தினமும் 400 கிராம் இந்தப் பருப்பைக் கொடுத்தார்கள். சில மாதத்துக்குள் நூற்றுக்கணக்கான பேருக்குக் கால் முடங்கியது. கைதிகளில் ஒருவராக இருந்த டாக்டர் ஆர்தர் கெஸ்லர் என்பவர்தான் இதற்குப் பருப்பே காரணம் என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

ஒரு கோல், இரண்டு கோல்

இந்த நோய்க்கு லதைரிசம் என்று பெயர். எப்படி வரும் என்று சொல்கிறேன். ஒருநாள் இரண்டு நாள் தின்றால் ஒன்றும் ஆகாது. சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பருப்பே இருந்து, அப்படியே சில மாதங்கள் தொடர்ந்தால்தான் வரும். மூளையிலிருந்து முதுகுத் தண்டு வழியாகக் காலுக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்புகள் கெட்டுப்போகும். கால் விறைக்கும், முட்டி மடங்கும், நுனிக்காலால் கத்தரி போட்டமாதிரி நடப்பார்கள்.

டாக்டர்கள் இதை நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் படியில் கோல் இல்லாமல் நடக்கலாம். இரண்டாவது படியில் ஒரு கோல் வேண்டும். மூன்றாவதில் இரண்டு கோல். நான்காவதில் தரையில் தவழ்ந்துதான் போகவேண்டும். புத்தி தெளிவாக இருக்கும், கை வேலை செய்யும், பேச்சு இருக்கும். கால் மட்டும் போய்விடும். போன கால் திரும்பி வராது.

இதில் நெஞ்சை அறுக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்து ரேவா மாவட்டத்தில் பண்ணையாட்களுக்குக் கூலியாகக் கொடுக்கப்பட்டது இந்தப் பருப்புதான். கொத்தடிமையாக இருந்தவன், "எனக்கு வேற தானியம் கொடுங்க" என்று கேட்க முடியாது. நிலத்துக்காரர் வீட்டில் கோதுமை ரொட்டி. ஆள் வீட்டில் கேசரி ரொட்டி. எதை விதைப்பது, எதைக் கூலியாக அளப்பது என்று முடிவு செய்தவர் ஒருவர்; கால் போனது இன்னொருவருக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்த இடத்துக்கு மறுபடியும் வரவேண்டியிருக்கிறது.

குற்றவாளி யார்?

பருப்பைத் தின்றால் கால் முடங்குகிறது என்பது ஜனங்களுக்குத் தெரியும். ஆனால் பருப்பில் இருக்கும் எந்தப் பொருள் அதைச் செய்கிறது? இதைக் கண்டுபிடிக்கப் பல வருஷம் ஆயிற்று. 1920களில் சில விஞ்ஞானிகள், கேசரியில் குற்றமில்லை, அதோடு கலந்து வளர்கிற அக்டா என்ற களையின் விதைதான் காரணம் என்றார்கள். எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேறு வகைப் பட்டாணியின் விஷத்தில் எலிக்கு எலும்பு கோணியதே தவிர, நரம்பு கெடவில்லை. ஆகவே அதுவும் விடையில்லை.

விடை 1964இல் பெங்களூருவில் கிடைத்தது. இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.எல்.என். ராவ், பி.ஆர். அடிகா, பி.எஸ். சர்மா என்ற மூன்று விஞ்ஞானிகள் கேசரி விதையிலிருந்து ஒரு அமிலத்தைத் தனியாகப் பிரித்து எடுத்தார்கள். அதற்குச் சுருக்கமாக ஓடாப் என்று பெயர். அதைப் பிறந்து ஒருநாள் ஆன கோழிக்குஞ்சுக்கு ஊசியாகப் போட்டார்கள். குஞ்சு கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு துடித்தது. வளர்ந்த கோழிக்குப் போட்டால் ஒன்றும் ஆகவில்லை. ஏன் இந்த வித்தியாசம்? வளர்ந்த உயிருக்கு ரத்தத்திலிருந்து கண்டதும் மூளைக்குள் போய்விடாமல் தடுக்கும் வேலி ஒன்று இருக்கிறது. குஞ்சுக்கு அந்த வேலி இன்னும் அடைபடவில்லை. முன்னால் பலபேர் வளர்ந்த பிராணிகளில் தேடி ஏமாந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

விஷம் எது என்று தெரிந்ததும் மற்ற வேலைகள் நடந்தன. நம் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் அவருடைய சகாக்களும் ஐதராபாத் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில், பருப்பை வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் விஷத்தில் பெரும்பகுதி போய்விடும் என்று காட்டினார்கள். இதன் விற்பனைக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 1961இலிருந்தே தடை வந்திருந்தது. பயிர் விஞ்ஞானிகள் விஷம் குறைந்த ரகங்களை எடுத்தார்கள். டெல்லியில் ரத்தன், ராய்ப்பூரில் பிரதீக், மகாதேவ்ரா. இவற்றில் விஷம் நூற்றில் 0.1 பங்கு அளவுதான். இந்த ரகங்களை அனுமதிக்கலாம் என்று 2016இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு கருத்துச் சொன்னது. அதை எதிர்த்தும் பேசினார்கள். மலரில் தேனீ உட்காரும்போது பழைய ரகத்து மகரந்தம் புது ரகத்தில் சேர்ந்துவிடும், கடையில் வந்தபிறகு எது எந்த ரகம் என்று யார் பிரிப்பது என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. விதைப் பயிர் செய்கிற உங்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரியும்.

நம் ஊர்ப் பருப்பில் என்ன பார்ப்பது?

"நாங்க அதைப் பயிரே செய்யலையே, எங்களுக்கு எதுக்கு இது?" என்று கேட்பீர்கள். துவரம்பருப்பு, கடலைப்பருப்பு விலை ஏறும்போது, விலை மலிந்த கேசரியை அதில் கலந்து விற்பது நாட்டில் பழைய மோசடி. நம் ஊர் கிரிவலப் பாதையில் அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாகப் பருப்பு இறங்குகிறது. கல்யாணத்துக்கு வாங்குகிறோம். மூட்டையாக வாங்குகிறவர்கள் விலையைப் பார்க்கிற அளவுக்குப் பருப்பைப் பார்ப்பதில்லை.

ஒரு பிடி பருப்பை வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். துவரம்பருப்பு உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். கேசரிக்கு விளிம்பு உண்டு. ஒரு பக்கம் சரிவாக, கோடாலி வெட்டினமாதிரி இருக்கும். இன்னொரு பக்கம் பார்த்தால் சதுரமாகத் தெரியும். முழுப் பருப்பில் கண்ணால் பிடிக்கலாம். மாவாகிவிட்டால் பிடிக்க முடியாது. ஆகவே கடலைமாவைக் காசு பார்க்காமல், பெயரும் உரிம எண்ணும் அச்சிட்ட பொட்டலமாக வாங்குங்கள். அல்லது பருப்பை வாங்கி நீங்களே மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். அமிலம் ஊற்றிச் சோதிக்கிற வேலை வீட்டில் வேண்டாம். சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள். 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை வாங்குகிற யாரும் கட்டணம் கட்டி அதைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். அது உங்கள் உரிமை.

இதற்கெல்லாம் மேலான வழி ஒன்று உங்கள் காட்டிலேயே இருக்கிறது. மானாவாரிக் கடலையில் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை போடுங்கள். நம் பாட்டிமார் செய்தமாதிரி செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்து வைத்துக்கொண்டால், வருஷம் முழுக்க வீட்டுச் சாம்பாருக்குச் சந்தேகமே வேண்டாம்.

மோட்டார் காயில் எரிவது எப்படி?

இனி கதையின் இரண்டாம் பாகத்துக்கு வருவோம். விஷம் எது என்று தெரிந்தது. ஆனால் அது நரம்பை எப்படிக் கொல்கிறது? உடம்பில் எத்தனையோ நரம்பு இருக்க, காலுக்குப் போகிற நரம்பை மட்டும் ஏன் பிடிக்கிறது? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் ஒரு பெண் விஞ்ஞானி. டாக்டர் விஜயலட்சுமி ரவீந்திரநாத். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும், பிறகு அரியானா மாநிலம் மானேசரில் தாம் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த தேசிய மூளை ஆராய்ச்சி மையத்திலும், அதன் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் வேலை செய்தவர். 2010இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

அவர் கண்டதை நம் கிணற்று மோட்டாரை வைத்தே சொல்லலாம். நரம்பு ஒன்றுக்கொன்று சேதி சொல்ல ஒருவகை ரசாயனத்தைப் பயன்படுத்துகிறது. அது வந்தால் நரம்பு ஓடும், போனால் நிற்கும். கேசரி விஷம் பார்வைக்கு அந்த ரசாயனம் மாதிரியே இருக்கிறது. ஆகவே நரம்பு ஏமாந்து, சுவிட்சை அணைக்காத மோட்டார்போல ஓடிக்கொண்டே இருக்கிறது. அதே சமயம், இந்த விஷம் நரம்பின் மின்சாரத்தையும் குறைக்கிறது. நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்னச் சின்ன மின்நிலையங்கள் இருக்கின்றன. அதில் வரிசையாக இருக்கும் இயந்திரங்களில் முதல் இயந்திரத்தை இந்த விஷம் முடக்குகிறது என்று விஜயலட்சுமியும் அவருடைய மாணவர்களும் 1998இல் எலிகளில் காட்டினார்கள். நரம்பு சாவதற்கு முன்பே இந்த இயந்திரம் நின்றுவிடுகிறது. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. அசைவுக்கு உத்தரவிடும் மூளைப் பகுதியிலும் முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியிலும்தான்.

மோட்டாரும் நிற்காமல் ஓடுகிறது, வோல்டேஜும் குறைவு. அப்புறம் என்ன ஆகும்? காயில் கருகும். நம் மோட்டார் காயிலை வேலூர் ரோட்டுக் கடையில் கொடுத்துச் சுற்றி வாங்கலாம். கருகிய நரம்பைச் சுற்றித் தர யாரும் இல்லை.

இன்னொரு அதிசயத்தையும் அவர் கண்டார். கிராமங்களில் ஒரே சோறு தின்ற வீட்டிலும் ஆண்களைத்தான் இந்த நோய் அதிகம் தாக்கியது. சோதனைச் சாலையிலும் ஆண் எலிக்கு ஆன சேதம் பெண் எலிக்கு ஆகவில்லை. பெண்ணுடம்பில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு, மூளையில் குளூட்டாரெடாக்சின் என்ற காவல் புரதத்தை அதிகமாக வைத்திருக்கிறது. அந்தச் சுரப்பின் வேலையை மருந்து கொடுத்துத் தடுத்தபோது பெண் எலிகளும் பாதிக்கப்பட்டன. 2006இல் இது வெளியாயிற்று. ஆக, விஷம் ஒன்றுதான். அது யாரைச் சாய்க்கும் என்பது அவரவர் உடம்பின் காவலைப் பொறுத்தது.

அதே இயந்திரம், வேறு விஷம்

இந்த முதல் இயந்திரம் முடங்குவது கேசரி தின்றவர்களுக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. இங்கேதான் நம் தெளிப்பான் வருகிறது.

1982இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று சிலைபோல் விறைத்துப் போய் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வயதானவர்களுக்கு வருகிற நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய், இந்த வயதிலேயே வந்தமாதிரி இருந்தது. டாக்டர் லாங்ஸ்டன் என்பவர் விசாரித்தார். அவர்கள் ஊசியில் ஏற்றிக்கொண்ட கள்ளப் போதை மருந்தில் எம்பிடிபி என்ற கலப்படம் இருந்தது. அது உடம்புக்குள் போய் மாறுகிற பொருள், மூளையில் அசைவைச் சீராக்குகிற உயிரணுக்களில் இதே முதல் இயந்திரத்தைத்தான் நிறுத்தியது.

2000ஆம் ஆண்டில் அட்லாண்டா நகரில் கிரீனமயர் குழுவினர் எலிக்கு ரோடினோன் என்ற பூச்சிக்கொல்லியைச் சிறுகச் சிறுக வாரக்கணக்கில் கொடுத்தார்கள். எலிகளுக்கு நடுக்குவாதத்தின் குறிகள் வந்தன. இந்த ரோடினோன் தொழிற்சாலையில் பிறந்தது இல்லை. செடி வேரிலிருந்து வருவது; மீனை மயக்கிப் பிடிக்கப் பழங்குடிகள் பயன்படுத்தியது. "இயற்கையிலிருந்து வந்தது, ஒன்றும் செய்யாது" என்று நினைக்கிறோமே, அது சரியில்லை. கேசரியும் இயற்கைதான்.

அடுத்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. உங்களில் பலர் அடித்திருப்பீர்கள். எம்பிடிபி மூளையில் மாறிவரும் பொருளும் பாராகுவாட்டும் உருவத்தில் அண்ணன் தம்பி மாதிரி. இது வேலை செய்யும் விதம் கொஞ்சம் வேறு. உயிரணுவுக்குள் துருப்பிடிக்கிற மாதிரி ஒரு எரிச்சலை உண்டாக்குகிறது. 2011இல் அமெரிக்காவில் விவசாயிகளிடமும் மருந்தடிப்பவர்களிடமும் நடத்திய ஆய்வு வெளியாயிற்று. ரோடினோனோ பாராகுவாட்டோ பயன்படுத்தியவர்களுக்கு, பயன்படுத்தாதவர்களைவிட நடுக்குவாதம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. விழுங்கினால் பாராகுவாட்டுக்கு மாற்று மருந்து கிடையாது என்பது தனி விஷயம். ஐரோப்பிய நாடுகள் 2007இலும், நம் பக்கத்துக் கேரளம் 2011இலும் இதை நிறுத்தின. இலங்கையும் 2008 முதல் படிப்படியாக நிறுத்தியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மருந்தடித்தவர்கள் எல்லாருக்கும் நடுக்குவாதம் வரும் என்று அர்த்தம் இல்லை. நடுக்குவாதம் வந்தவர்கள் எல்லாரும் மருந்தடித்தவர்களும் இல்லை. வயது, பரம்பரை என்று பல காரணம் உண்டு. கை நடுங்கினாலே இந்த நோய் என்றும் நினைக்கவேண்டாம். தைராய்டு, சர்க்கரை இறங்குவது, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் நடுங்கும். சும்மா மடியில் வைத்திருக்கிற கை நடுங்குவது, நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்குவது, கையெழுத்து நாளுக்கு நாள் சிறுத்துப்போவது, வாசனை தெரியாமல் போவது, எழுந்து நடக்கவே நேரமாவது ஆகிய குறிகள் சேர்ந்து வந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நல்ல மருந்து இருக்கிறது. அந்த நோய்க்குக் கொடுக்கிற லீவோடோப்பா என்ற மருந்துப் பொருள் நம் வேலியில் படரும் பூனைக்காலி விதையிலேயே இருப்பதை 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதற்காக வேலிக்குப் போய் விதையைப் பறித்துத் தின்னாதீர்கள். அளவு தெரியாமல் தின்றால் மருந்தும் விஷம்.

சாய்சதுரம் சொல்வதும் சொல்லாததும்

மருந்து டப்பாவில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் நிறம். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், மஞ்சள் என்றால் கொடிய விஷம், நீலம் ஆபத்து, பச்சை எச்சரிக்கை. இதை எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறோம். வேங்கிக்காலில் நடந்த ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, பச்சை போட்ட மருந்துன்னா வெறுங்கையால கலக்கலாமுங்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் இதுதான்: அந்த நிறம், மருந்து வயிற்றுக்குள்ளோ தோல் வழியாகவோ ஒரேயடியாகப் போனால் எவ்வளவு வேகமாகக் கொல்லும் என்பதைத்தான் சொல்கிறது. இருபது வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால் நரம்பு என்ன ஆகும் என்பதை எந்த நிறமும் சொல்லாது. கேசரிப் பருப்புக்கு ஒரு சாய்சதுரம் போட்டிருந்தால் அதுவும் பச்சையாகத்தான் இருந்திருக்கும். ஒரு வேளை தின்றவன் நன்றாகத்தானே இருந்தான்!

நாம் பேசுகிற பேச்சே நம்மை ஏமாற்றுகிறது பாருங்கள். விஷத்தை "மருந்து" என்கிறோம். "மருந்தடிக்கப் போறேன்" என்கிறோம். மருந்து என்று சொன்னால் கைக்குப் பயம் போய்விடுகிறது.

இப்போது ரேவாவுக்குத் திரும்புவோம். அங்கே முடிவு செய்தவர் ஒருவர், கால் போனது இன்னொருவருக்கு என்றேன். நம் ஊரிலும் நிலம் ஒருவருடையது; டேங்க்குக்கு இவ்வளவு என்று பேசித் தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறவர் இன்னொருவர். நிலத்துக்காரர் வருஷத்தில் நாலு நாள் அந்த மருந்தின் பக்கத்தில் நிற்பார். தெளிக்கிற ஆள் இன்றைக்கு இவர் காட்டில், நாளைக்கு அவர் காட்டில் என்று பருவம் முழுக்க அதிலேயே நனைகிறார். கையுறை கொடுக்கவில்லை என்று அவர் கேட்கமாட்டார். கேட்டால் அடுத்த வேலைக்குக் கூப்பிடமாட்டார்களோ என்ற பயம். ஆகவே நிலத்துக்காரர்களுக்குத்தான் சொல்கிறேன். கூலியோடு கையுறையும் முகமூடியும் உங்கள் கணக்கில் சேரட்டும். ஒரு மூட்டைக் கடலையில் அடங்கிவிடுகிற செலவு.

செய்யவேண்டியவை இவைதான்:

மருந்தை வெறுங்கையால் கலக்காதீர்கள். அளவு மூடியில் அளந்து, நீளமான குச்சியால் கலக்குங்கள்.

முழுக்கைச் சட்டை, முழுக்கால் துணி, கையுறை, முகமூடி போடுங்கள். மருந்துபட்டு நனைந்த துணியோடு சாயங்காலம் வரை நிற்காதீர்கள். தோல் வழியாகத்தான் அதிகம் உள்ளே போகிறது.

காற்றை எதிர்த்து அடிக்காதீர்கள். உச்சி வெயிலில் அடிக்காதீர்கள்.

நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள். தண்ணீரில் கழுவி ஈர்க்குச்சியால் எடுங்கள்.

இடையில் பீடி, வெற்றிலை, சோறு எதற்கும் கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் போகாதீர்கள். வேலை முடிந்ததும் குளியுங்கள். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு ஊறவைக்க வேண்டாம். துவைக்கிற தாய்மார்களின் கையும் கைதான்.

மீந்த மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். காலி டப்பாவை மூன்றுமுறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவை ஓட்டை போட்டுவிடுங்கள். அதில் எண்ணெய் வாங்கக் கூடாது.

இதைவிட நல்லது, அடிக்காமல் முடிகிற இடத்தில் அடிக்காமல் இருப்பது. கைக்களைக்கு ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கூலி கட்டவில்லை என்பது உண்மைதான். நானும் தினம் கேட்கிறேன். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடலைக்கு 20ஆம் நாள் ஒரு களை, 40லிருந்து 45ஆம் நாளுக்குள் ஒரு களை. இந்த இரண்டாவது களையோடு எக்டருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்துவிட்டால், விழுது இறங்கிக் காய் திரளும். எந்தக் களைக்கொல்லியும் மண் அணைத்துத் தராது. நெல்லுக்கு வரிசை நடவு நட்டு உருளைக் களைக்கருவி ஓட்டினால் களையும் போகும், வேரும் காற்று வாங்கும். வரப்புப் புல்லை ஆட்டுக்கு அறுங்கள்.

ஒரு கிராமத்தில் நடக்கும் ஆராய்ச்சி

முடிக்கும் முன் ஒரு சேதி. டாக்டர் விஜயலட்சுமி நிறுவன இயக்குநராக இருந்த பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம், 2018இல் கர்நாடகத்துக் கோலார் மாவட்டம் சீனிவாசபுரம் தாலுகாவில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. மாந்தோப்பு நிறைந்த ஊர். அங்கே கிராமங்களில் 45 வயதுக்கு மேற்பட்ட பத்தாயிரம் பேரைச் சேர்த்து, வருஷக்கணக்காகத் தொடர்ந்து பரிசோதிப்பது திட்டம். ரத்தம், ஞாபகம், நடை, சாப்பாடு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். மறதி நோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது, வருமுன் எதைத் தடுக்கலாம் என்று கண்டுபிடிக்கத்தான். 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்று, நம் நாட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாகவும், பட்டணத்தைவிடக் கிராமத்தில் அதிகம் என்றும் கணக்கிட்டது. அந்த மாதிரி ஆய்வுக்காரர்களோ சுகாதாரப் பணியாளர்களோ உங்கள் ஊருக்கு வந்து, "என்ன பயிர் செய்தீர்கள், என்ன மருந்து அடித்தீர்கள், எத்தனை வருஷம்?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ரேவாவிலும் சாகரிலும் கால் போனவர்கள் என்ன தின்றோம் என்று சொன்னதால்தான் பெங்களூருவில் விஷம் பிடிபட்டது. அடித்த மருந்தின் பெயர், தேதி, எத்தனை டேங்க் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தெளித்த ஆளின் பெயரையும் அதில் எழுதுங்கள். பயிருக்கும் உதவும், பத்து வருஷம் கழித்து ஒரு டாக்டருக்கும் உதவும்.

நரம்புக்கு வரும் கேடு இடிமாதிரி வராது. கரையான் மாதிரி வரும். உத்திரம் விழுகிறபோதுதான் தெரியும். நம் காட்டில் உழைக்கிற கையும் காலும் நம்முடையதானாலும் கூலிக்கு வந்தவருடையதானாலும் ஒன்றுதான். அடுத்த முறை தெளிப்பானை எடுக்கும்போது முதலில் கையுறையைத் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் வேங்கிக்கால் பக்கம் வரும்போது அலுவலகத்தில் கேளுங்கள், காலி டப்பாவையும் கையோடு கொண்டுவாருங்கள், லேபிளைப் பார்த்துச் சொல்கிறேன்.